பெரிய மணியின் கயிறு

படத்தில் கயிறுகள் இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

1940 செப்டம்பர். ஜூன் மாதத்திலிருந்தே நாடு முழுக்கத் தேவாலய மணிகள் ஊமை. ஜெர்மன்காரன் வானத்திலிருந்து குதித்தால் மட்டும்தான் அடிக்கலாம், மற்றபடி கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது என்று உத்தரவு. எங்கள் ஊர் லண்டனுக்கு வடகிழக்கே, சஃபக் கடற்கரையை ஒட்டியது. அவன் வந்தால் முதலில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பான். அதனால் எங்கள் மணிக்கூண்டின் ஆறு கயிறுகளையும் யாரும் தொடாதபடி சுருட்டி, ஒரு கொக்கியில் மாட்டி, கூரை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் மணிக்கூண்டு வளைவுக்குள் அந்த ஆறு கயிறுகளும் சிவப்பு, வெள்ளை, நீலக் கம்பளிப் பிடிகளோடு தொங்குவது தெரியும். இருபது வருடமாகப் பார்த்த காட்சி. அவை போன பிறகு அந்த இடம் பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டது. கோயிலைக் கூட்டித் துடைப்பது நான். சாவியும் என்னிடம். ஐந்தாம் மணியை அடிப்பதும் நான்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்போதுதான் மிஸ் வென்னிங் வந்தார். குண்டு விழுந்து எல்லாம் போவதற்குள் பழைய கோயில்களைப் படமாகவாவது எடுத்து வைப்போம் என்று லண்டனில் ஒரு குழு ஓவியர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது இருக்கும். ஆண்பிள்ளைக் கோட்டு, சைக்கிள், மடக்கு நாற்காலி, தகரப் பெட்டியில் நீர்வண்ணங்கள். இரண்டு நாள் இருக்கைகளையும் தூண்களையும் கூரையின் மரத் தேவதைகளையும் வரைந்தார். நன்றாகத்தான் வரைந்தார். மூன்றாம் நாள் காலையில் எட்டிப் பார்த்தேன். மணிக்கூண்டு வளைவு வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"என்னங்க இது, மாட்டுக்கொட்டகைச் சுவரு மாதிரி இருக்கு? கயிறு எங்க?"

"மேல ஏத்தி வச்சிருக்காங்களே. இருக்கறதத்தானே நான் வரையணும்?"

"நாளைக்கு இந்தக் கோயிலு இல்லாமப் போனா, இதப் பாக்கறவன் இந்த ஊர்ல மணியே கிடையாதுன்னுல்ல நெனப்பான்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொக்கிக்கென்று தனியாக ஒரு மெல்லிய கயிறு உண்டு. அதை அவிழ்த்து, கொக்கியை இறக்கி, ஆறு கயிறுகளையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். சாயங்காலம் திரும்ப ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். "பாத்துக்கங்க, இழுத்துடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமைக்கப் போனேன்.

இதற்கு ஆம்ப்ரோஸ் கெரிட்ஜிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். மணிக்கூண்டுக்குத் தலைவர் அவர்தான், பெரிய மணியை அடிப்பதும் அவர்தான். ஆனால் அவரும் நானும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. 1937இல் ராஜாவின் முடிசூட்டு நாளன்று ஆறு மணிகளையும் வரிசை மாற்றி மாற்றி மூன்று மணி நேரம் நிறுத்தாமல் அடிக்கவேண்டும். இரண்டே முக்கால் மணி நேரம் ஆன பிறகு, "நில்லுங்க, அஞ்சாம் மணி தப்பு" என்று எல்லோரையும் நிறுத்திவிட்டார். தப்பு அவருடையது. வரிசையை மறந்தது அவர். அன்றுவரை அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எப்படியும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மணி அடித்தோம். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டோம். ஊருக்கே இது பழகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து அரை மைலில் ஆற்றுப் பாலம். அதன் அடியில் வெடி வைத்திருந்தார்கள். மணி கேட்டால் பாலம் இருக்கக்கூடாது என்று உத்தரவு. அந்த வாரம் பகல் காவல் என் வீட்டுக்காரர் வில்ஃபுக்கு. பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு குழிக்குள் வெடிப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பாலம் தெரியாது. நல்ல மனுஷன், ஆனால் அவசரம் கூடவே பிறந்தது. சூப்பு ஆறும்வரை காத்திருந்து ஒருநாள்கூடக் குடித்ததில்லை. தினமும் நாலு மணிக்கு எங்கள் மகள் ஈனிட் அக்கரைப் பண்ணைகளிலிருந்து பால் லாரியை அந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஓட்டி வருவாள். பத்தொன்பது வயது. பாலம் தாண்டிக் கோயிலைக் கடக்கும்போது எனக்காக இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. காற்றோடு சாய்ந்து அடிக்கிற கடல் மழை. மூன்றரைக்கு ஃபிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உள்ளே ஈரப்பதம் துணியைப் பிழியலாம்போல இருந்தது. பூசின வண்ணம் காயவே இல்லை என்று மிஸ் வென்னிங் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் நின்றுகொண்டிருந்தார். மழை கூண்டுக்குள் அடிக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். இரண்டு கைகளையும் நெருப்புக்கு முன்னால் நீட்டுவதுபோல நீட்டியிருந்தார். எதையும் தொடவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

பெரிய மணியின் கயிறு நேராகத் தொங்கவில்லை. அழகாக வளைந்து வந்து, தொட்டியின் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருந்தது.

"இத யாரு கட்டினது?" என்றார் ஆம்ப்ரோஸ். குரல் காற்றாக வந்தது.

"நான்தான்," என்றார் மிஸ் வென்னிங். "நேரா தொங்கி சன்னல மறைச்சுது. கொஞ்சம் ஒதுக்கிக் கட்டினேன். காலைல இன்னும் தொளதொளன்னு இருந்துச்சு. இப்ப என்னமோ இறுகிட்டு வருது."

சணல் கயிறு நனைந்தால் சுருங்கும். அது மணி அடிக்கிற எல்லோருக்கும் தெரியும். மேலே கூண்டின் உடைந்த சன்னல் சட்டத்தின் வழியாகச் சாரல் நேராகக் கயிற்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் எனக்கு அப்போது பயம் வரவில்லை. மணி வாய் கீழே பார்க்கத் தொங்கிக் கிடக்கும்போது கயிறு இறுகினால் என்ன ஆகிவிடப்போகிறது?

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க," என்றார் ஆம்ப்ரோஸ் மிஸ் வென்னிங்கிடம், நான் ஐந்தடி தூரத்தில் நிற்கும்போதே. "பெரிய மணி நிமிந்து நிக்குது."

என் கையிலிருந்த ஃபிளாஸ்கைத் தரையில் வைத்தேன். வைத்தேனா, விழுந்ததா, தெரியாது.

எங்கள் மணிகளை வாய் மேலே பார்க்கும்படி தலைகீழாகச் சுற்றி நிறுத்தித்தான் அடிக்கத் தொடங்குவோம். அப்படி நிற்கிற மணியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முழுச் சுற்று சுற்றி விழும். பெரிய மணியின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதன் சத்தம் ஆறு மைல் கேட்கும். அடித்து முடித்ததும் இறக்கிக் கவிழ்த்துவிடவேண்டும் என்பதுதான் சட்டம்.

"அவருகிட்ட கேளுங்க," என்றேன். பல் கிட்டியது. "எந்த முட்டாள் அத நிமித்தி வச்சான்னு கேளுங்க."

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க, ஜெர்மன்காரன் வந்து எறங்கினப்பறம் கீழ கெடக்கற மணிய ஆட்டி ஆட்டி மேல ஏத்த இங்க யாருக்கு நேரம் இருக்குன்னு. எனக்கு அறுபத்தெட்டு வயசு. ஒரே இழுப்புல கேக்கட்டும்னு ஜூன்லயே வச்சேன். கயிறத்தான் மேல ஏத்தியாச்சே, எவ தொடப்போறான்னு நெனச்சேன்!"

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லன்னு கேளுங்க," என்றேன்.

"யார்கிட்ட?" என்றார் ஆம்ப்ரோஸ்.

மிஸ் வென்னிங் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே நிக்கிறீங்க?" என்றார். பிறகு எழுந்து பென்சில் சீவும் கத்தியை எடுத்தார். "கயித்த அறுத்துட்டாப் போச்சு."

"தொடாதீங்க!" என்று ஆம்ப்ரோஸ் கத்தினார்.

அப்போதுதான் மிச்சக் கதை வெளியே வந்தது. நிமிர்ந்த மணி அந்தப் பக்கம் சாயாமல் தாங்க மேலே ஒரு கட்டை இருக்கும். அது வசந்தத்திலேயே முறிந்துபோயிருந்தது. நல்ல மரம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மண்வெட்டிப் பிடியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். கயிறு இறுகி இறுகி மணியை இந்தப் பக்கம் இழுத்ததில் அந்தப் பிடி நழுவியிருக்கவேண்டும். ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டதாகவும், எலி என்று நினைத்ததாகவும் மிஸ் வென்னிங் சொன்னார். இப்போது மணியைப் பிடித்துக்கொண்டிருப்பது கயிறு மட்டும்தான். இன்னும் கொஞ்சம் இறுகினால் இந்தப் பக்கம் விழும். அறுத்தால் அந்தப் பக்கம் விழும்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பத்தாறு.

"ஈனிட்," என்றேன்.

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அவளுக்கு ஞானஸ்நானம் இதே தொட்டியில்தான். அன்று மணி அடித்தது அவர்.

"சைக்கிள்ல போய் அந்தக் காவல்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேனே?" என்றார் மிஸ் வென்னிங்.

"வில்ஃபா? முந்தாநாளு பாதிரியாரையே கையத் தூக்கச் சொல்லி அரை மணி நேரம் மழையில நிக்க வச்சான். உங்கள ஒற்றர்னு சுட்டுட்டுத்தான் பேரு கேப்பான்," என்றார் ஆம்ப்ரோஸ். கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். "மேபல், இங்க வா. நீ அவன்கிட்ட ஓடினா இதப் புடிக்க ஆளில்ல. கயித்தப் புடி."

மேபல் என்றார். என் பெயர் அவர் வாயில் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

"அஞ்சாம் மணிய அடிக்கிற கை இது, எனக்குத் தெரியும். இழுக்காத, விடாத. இப்ப இருக்கற இறுக்கத்த அப்படியே வச்சுக்க. முடிச்ச இவங்க அவுக்கட்டும். அதுக்கப்பறம் கயிறு ஈரத்துல சுருங்கச் சுருங்க உன் கையால ஒரு நூல் ஒரு நூலா மேல விட்டுக் குடு. மணி போகுதுன்னு தெரிஞ்சா ரெண்டு கையையும் விட்டுடு. இல்லன்னா உன்னையும் கூரைக்குத் தூக்கிட்டுப் போயிடும்."

"நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"மேல போறேன். மொதல்ல மணியோட நாக்கக் கட்டணும். அப்பறம் மணியக் கட்டிக்கலாம்."

"மொதல்ல மணியக் கட்டுங்க! அது விழுந்தா நீங்க அதுக்குள்ள..."

"மொதல்ல நாக்கு," என்றார். "விழுந்தா விழட்டும், சத்தம் வரக்கூடாது."

இழவு வீட்டுக்கு அடிக்கும்போது மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மாட்டுகிற தோல் உறை அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்குத்தான் உறை. மறுபக்கத்துக்குத் தன் கோட்டை எடுத்துக்கொண்டார். படிக்கட்டுக் கதவில் வலது கையை வைத்து ஒரு விநாடி நின்று மேலே பார்த்தார். பிறகு போய்விட்டார். அறுபத்தெட்டு வயதுக் கால்கள் ஐம்பத்திரண்டு படி ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் கம்பளிப் பிடிக்கு மேலே கயிற்றை இரண்டு கைகளாலும் பற்றினேன். மிஸ் வென்னிங் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தார். கெட்டிக்காரி, கயிற்றை ஒரு தடவைகூட அசைக்கவில்லை. முடிச்சு விட்டதும் எடை முழுதும் என் கைக்கு வந்தது. எடை என்று சொல்லக்கூடாது. தூங்குகிற பெரிய மிருகத்தின் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. அது மூச்சுவிட்டால் நானும் விட்டேன். ஈரம் கயிற்றின் வழியாக என் கைக்குள் இறங்கியது. ஒரு நூல் விட்டேன். நின்றேன். இன்னொரு நூல் விட்டேன்.

"மணி என்ன?" என்றேன்.

"மூணு அம்பத்தி ரெண்டு."

மேலே பலகைகள் கிறீச்சிட்டன. கூரையின் கயிற்றுத் துளை வழியாக ஆம்ப்ரோஸின் குரல் வந்தது. "தோலு மாட்டியாச்சு! மறுபக்கம் பாக்கறேன்!"

"சீக்கிரம் அண்ணே!" என்று கத்தினேன். அண்ணே என்றுதான் வந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரம் இல்லை.

காற்று ஒரு தடவை ஓங்கி அடித்தது. கூண்டு முழுக்க அசைந்தது. என் கையிலிருந்த கயிறு செத்துப்போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த மூச்சு நின்றுவிட்டது.

"அண்ணே, போகுது! கைய எடுங்க!"

விட்டேன். கயிறு பாம்பாக மேலே பாய்ந்து போனது. கூண்டே முறிவதுபோல மரச் சட்டங்கள் அலறின. நான் காதைப் பொத்திக்கொண்டேன், ஆறு மைல் கேட்கிற அந்தச் சத்தத்துக்காக. அது வரவில்லை. தொம் என்று ஒன்று வந்தது, மூடின கதவைத் தோளால் இடிக்கிற மாதிரி. பிறகு இன்னொரு தொம். இரண்டாவது இன்னும் மெல்லியது. அதற்குப் பிறகு மணி சத்தமில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

மேலிருந்து ஒரு குரலும் இல்லை.

படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். ஓடினவள் பாதியில் நின்றுவிட்டேன். வில்ஃபுக்குக் கேட்டிருக்குமா? மழையோடு சேர்ந்து அந்த இரண்டு தொம்மும் அரை மைல் போயிருக்குமா? மேலே ஏறவும் முடியவில்லை, வெளியே ஓடவும் முடியவில்லை. கல் தரையில் நின்று பாலம் வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் ஆம்ப்ரோஸை நினைக்கவில்லை. என் மகளை மட்டும்தான் நினைத்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"மூணு அம்பத்தொம்பது," என்றார் மிஸ் வென்னிங், நான் கேட்காமலே. பிறகு, "நாலு."

நாலு மூன்றுக்கு லாரியின் ஹாரன் கேட்டது. இரண்டு தடவை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிஸ் வென்னிங்தான் முதலில் மேலே ஓடினார். ஆனால் அவர் பாதிப்படி ஏறுவதற்குள் ஆம்ப்ரோஸ் தானே இறங்கி வந்துகொண்டிருந்தார், தோளால் சுவரை உரசியபடி. வலது கை தொப்பிக்குள் இருந்தது. தொப்பி சொட்டியது.

"ஹாரன் அடிச்சாளா?" என்றார்.

"அடிச்சா."

"சரி," என்று சொல்லிவிட்டுக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். கோட்டை நாக்கில் சுற்றி முடிச்சுப் போடும்போது மணி விழுந்திருக்கிறது. கையை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் கோட்டு நழுவியிருக்கும்.

மூன்று விரல்கள் போயின. பண்ணையின் வாயிற்கதவு காற்றில் சாத்திக்கொண்டு நசுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னார். கயிற்றை இறக்கினது யார் என்று தெரிந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார்கள். சாயங்காலம் வில்ஃப் வந்து சூப்பை ஊதாமல் குடித்துக்கொண்டே, "இன்னைக்கு ரெண்டு இடி இடிச்சுது மேபல், மணியோன்னு பெட்டியில கையவே வச்சுட்டேன்" என்றார். எழுந்துபோய்ப் பின்கட்டில் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் ஆம்ப்ரோஸைப் பார்க்கப் போனேன், கையில் ஆப்பிள் கேக்கும் வாய் நிறைய வார்த்தைகளுமாக. அவர் தன் சம்சாரத்திடம் திரும்பி, "அந்தம்மாகிட்ட சொல்லு, ஆப்பிள் கேக்கு கொண்டுவந்தா மேசையில வச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார். கோபம் வந்தது. வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்று வருடம் கழித்துத் தடையை எடுத்தார்கள். முதல் ஞாயிறு காலை எல்லோரும் கூண்டில் கூடினோம். அவர் பாதிரியாரிடம், "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, பெரிய மணி இனிமே அவங்களுதுன்னு" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். புதுக் கயிறு, புதுக் கம்பளிப் பிடி. அடித்தேன். கண் தெரியாமல் அடித்தேன்.

படத்தைச் சண்டை முடிந்த மறு வருடம் இப்ஸ்விச்சில் ஒரு மண்டபத்தில் மாட்டினார்கள். ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். ஈனிட் கைக்குழந்தையோடு வந்தாள். ஆம்ப்ரோஸும் வந்தார், இடது கையில் கம்பு ஊன்றி.

ரொம்ப அமைதியான படம். சாம்பல் வெளிச்சம், ஓக் இருக்கைகள், வளைவுக்குள் ஆறு கயிறுகள். ஒன்று மட்டும் வளைந்து வந்து ஞானஸ்நானத் தொட்டியில் கட்டியிருந்தது. அதை எடுத்துவிடட்டுமா என்று மிஸ் வென்னிங் கடிதம் போட்டுக் கேட்டிருந்தார். இருக்கட்டும் என்று எழுதியிருந்தேன். ஆனால் எனக்குச் சொல்லாத ஒன்றையும் அவர் வரைந்திருந்தார். படிக்கட்டுக் கதவருகில் ஒரு சின்ன உருவம், முதுகு மட்டும், கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. வலது கை கதவின் மேல். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒற்றை மயிர்த் தூரிகையால் ஐந்து விரலையும் தனித்தனியாகப் போட்டிருந்தார்.

"கயித்த யாரும்மா இப்படிக் கொண்டுபோய்த் தொட்டியில கட்டினது? கூறுகெட்டவங்க!" என்று ஈனிட் சிரித்தாள்.

ஆம்ப்ரோஸ் படத்தில் அந்தக் கதவுப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு ஈனிட்," என்றார். "என் கை நல்லா வந்திருக்குன்னு."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்த நாலு மணியைப் பற்றி அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.